ஈரச் சாக்கு

— இன்னும் ஓங்கி அடிடா. உளி இறங்கவே மாட்டேங்குது. மண்ணா இது?

— மண்ணுதான் அக்கா. நீயும் நானும் சலிச்சு, தண்ணி விட்டுப் பிசைஞ்சு, நம்ம கையால உள்ளே போட்ட மண்ணு.

— நல்லா இருக்கு. போட்டப்ப வெண்ணெய் மாதிரி இருந்துச்சு. இப்ப அடிச்சா பொறி பறக்குது.

— நான் என்ன சொல்றேன்னா, குழாய் வெளியே வர்ற முன்வாய்ப் பக்கமும், மண்ணு போடற மேல்வாய்ப் பக்கமும்தான் கல்லாயிருக்கும். நடுவுல ஈரம் இருக்கும். மெஷின் பேரலோட மேல் பாதியைக் கழட்டியாச்சு. உள்ளே இருக்கிற திருகு கண்ணுல படற வரைக்கும் பேத்துட்டோம்னா, அப்புறம் தண்ணி ஊத்தி ஊற விட்டுடலாம்.

— காலைலேருந்து இதையேதான் சொல்றே. காலைல என்ன பண்ணே? பம்ப் திரும்பி வந்துடுச்சுன்ற சந்தோஷத்துல, மெஷினுக்குள்ள ஒரு விரலை விட்டுக்கூடப் பாக்காம சுவிட்சைப் போட்டே. மோட்டார் முக்குச்சு. பெல்ட் தீஞ்ச நாத்தம் வீட்டு வரைக்கும் வந்துச்சு. நான் அடுப்புல எதையோ கருக விட்டுட்டேன்னு நினைச்சேன்.

— தப்புதான். மண்ணு காயாம வாயில ஈரச் சாக்கு கட்டியிருக்கு, கவனிக்க ஆள் இருக்குன்ற தைரியத்துல போட்டுட்டேன்.

— அந்தக் காத்து உறிஞ்சுற பம்பைக் கழட்டி ரிப்பேருக்கு அனுப்பினப்பவே, உள்ளே இருந்த மண்ணை எல்லாம் வெளியே தள்ளியிருக்கணும். ரெண்டு வாரம் அப்படியே விட்டுட்டு உக்காந்தோம் பாரு.

— யாரு அக்கா தள்ளறது? வெளியே எடுக்க ஒரு நாள், திரும்பப் போட ஒரு நாள். சூளைக்காரர் போயிட்டார். பிசையறவங்க ரெண்டு பேரும் போயிட்டாங்க. நீ, நான், அப்புறம் மாமா.

— மாமாவை இதுல இழுக்காதே.

— இழுக்கலையே. எண்ணினேன்.

— உன் எண்ணிக்கை எனக்குத் தெரியாதா? அந்தச் சாக்கை எடுத்தே, என் மூஞ்சியைப் பாத்தே, வாய்க்குள்ளேயே ஏதோ முனகினே. என்ன முனகினே?

— ஒண்ணுமில்ல. சாக்கு அட்டை மாதிரி விறைச்சுக் கிடந்துச்சு. அதைச் சொன்னேன்.

— ராத்திரி அடிச்ச காத்துல காய்ஞ்சிருக்கும்.

— காஞ்சிருக்கும். பம்ப் கெட்டுப் போறதுக்கு முன்னாடியும் காஞ்சுதான் கிடந்துச்சு. தினமும் காலைல மெஷினை ஓட்டினா, மொத மொழம் கட்டை மாதிரி வரும். வெட்டி எறிஞ்சுட்டு மேலே பாப்பேன். இந்தக் கொட்டகைல அப்படியொரு காத்து வீசுதுன்னு நினைச்சுக்கிட்டேன்.

— காத்துதான். வேற என்ன? உன் மாமா சாக்கு நனைக்கறதை ஒரு நாள் விடலைடா. சாயங்காலம் பொழுது சாயறப்ப பூவாளியைத் தூக்கிட்டுக் கிளம்புவார். விடியறதுக்கு முன்னாடி மறுபடியும் போவார். ஒத்தைக் கை. அந்தக் கையாலயே கதவைத் திறந்து, அந்தக் கையாலயே பூவாளியைத் தூக்கி. ஜன்னல்லேருந்து பாத்துட்டே நிப்பேன். கூப்பிட மாட்டேன். கூப்பிட்டா எங்கே நின்னுடுவாரோன்னு.

— நான் அவரைக் குத்தம் சொல்லலை அக்கா.

— சொல்லாதே. சொன்னா நாக்கு அழுகிடும். அடி, அந்த ஓரத்துல அடி.

— கொஞ்சம் தள்ளி நில்லு. சில்லு தெறிக்குது.

— தெறிக்கட்டும். இந்த வாரக் கடைசிக்குள்ள குழாய் போகலைன்னா உலைக்காரங்க வேற இடம் பாத்துக்குவாங்க. நேத்தே சொல்லிட்டாங்க. மரியாதையாத்தான் சொன்னாங்க, அதுதான் பயமா இருக்கு. திட்டறவன் திரும்பி வருவான். மரியாதையாப் பேசறவன் முடிவு பண்ணிட்டுத்தான் பேசறான்.

— உலைக்காரங்க போனா என்ன, வேற யாராவது...

— வேற யாரு? கடைசியா மிஞ்சினது அவங்க ஒருத்தர்தான். அவங்க உலையில கம்பி சுத்தறதுக்கு நம்ம பீங்கான் குழாய்தான் வெடிக்காம நிக்குதுன்னு ஒரு காலத்துல சொன்னாங்க. இப்ப நம்ம குழாயைச் சூளையில வெச்சா பாதி உள்ளேயே வெடிக்குது. மண்ணுக்குள்ள காத்து. அந்தக் காத்தை உறிஞ்சத்தான் பம்ப், அந்தப் பம்புக்கு ரெண்டு வாரம், அந்த ரெண்டு வாரத்துல மண்ணு கல்லு. ஒண்ணைச் சரி பண்ணினா இன்னொண்ணு பல்லைக் காட்டுது. எனக்கு முடியலைடா. நிஜமாவே முடியலை.

— உக்காரு அக்கா. தண்ணி குடி.

— உக்காந்தா எழுந்திருக்க மாட்டேன். ஒரு விஷயம் கேக்கறேன், கோவிச்சுக்காதே. நீ வாங்கறப்பவே இது இப்படிப்பட்ட மெஷின்னு தெரியலையா? பொண்ணு பாக்கப் போற மாதிரி சட்டையெல்லாம் தேய்ச்சுப் போட்டுட்டுக் கிளம்பினியே.

— இது நல்ல மெஷின்தான் அக்கா.

— நல்லா இருக்கு. கிழவி மாதிரி முனகுது, நல்ல மெஷினாம்.

— நீ மத்ததைப் பாக்கலை. மொத இடத்துல பச்சைப் பெயிண்ட் அடிச்சு, பூ மட்டும்தான் வெக்கலை. ஓட்டிக் காட்டினான். அவன் போட்ட மண்ணு கூழு மாதிரி. கூழை யாரு வேணா தள்ளுவான். நான் நம்ம மண்ணை மூட்டையா கட்டிட்டுப் போயிருந்தேன்ல, அதை உள்ளே போடுன்னேன். மூஞ்சி சுருங்கிடுச்சு. போட்டோம். திருகு சுத்துது, மண்ணும் கூடவே சேந்து சுத்துது, வெளியே ஒண்ணும் வரலை. நிறுத்திட்டுக் கையை விட்டுப் பாத்தா, திருகுக்கும் பேரலுக்கும் நடுவுல என் சுண்டு விரல் தாராளமா போகுது. தேஞ்சு போன திருகு.

— ரெண்டாவது?

— ரெண்டாவது இடத்துல திருகு புதுசு மாதிரி இருந்துச்சு. கியர் பாக்ஸ் எண்ணெயில விரலை விட்டு வெளிச்சத்துல பிடிச்சேன். ஜிகினா மாதிரி மினுமினுங்குது. அத்தனையும் பல்லு தேஞ்ச இரும்புத் தூளு. நாளைக்கே உடையும். அவன் டீ வாங்கிக் குடுத்தான், குடிச்சுட்டு வந்துட்டேன்.

— மூணாவதுதான் இது.

— மூணாவதுதான் இது. நம்ம மண்ணைப் போட்டேன். ஒரு முக்கல், ஒரு முனகல், அப்புறம் பாம்பு வர்ற மாதிரி வழுவழுன்னு வந்துச்சு குழாய். எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு.

— அளவெடுத்துத் தச்ச மாதிரி நம்ம பழைய குழாய் அச்செல்லாம் வேற இதுல உக்காந்துச்சு. நம்ம பழைய மெஷின், அந்த ராட்சசனை வித்தப்ப அச்சை மட்டும் ஏன்தான் வெச்சுக்கிட்டேனோன்னு நினைச்சுட்டே இருந்தேன். ஒரு போல்ட்டு மாத்தலை, ஒரு ஓட்டை போடலை. அதெப்படிடா?

— ஒரே கம்பெனி மெஷினு அக்கா. அப்போ ஒரே அளவுலதான் செய்வாங்க.

— அந்தப் பேச்சு வேண்டாம். உனக்குத் தெரியாது, நீ அப்ப இங்கே இல்லை. மண்ணு மேல்வாயில அடைச்சுக்கும். கட்டையால தள்ளணும். யாருடா கட்டையைத் தேடுவா? எல்லாரும் கையாலதான் தள்ளுவோம். நானும் தள்ளியிருக்கேன். அன்னைக்கு அவர் தள்ளினார். சுவிட்சு அந்தக் கோடியில. நான் ஓடிப் போய் அதை அணைக்கறதுக்குள்ள...

— விடு அக்கா.

— அணைச்சதுக்கு அப்புறமும் அது ஒரு சுத்து சுத்திட்டுத்தான் நின்னுச்சு. நிறுத்தினா நிக்கத் தெரியாத பொறப்பு. பழைய இரும்பு வாங்கற அந்தத் தங்கப்பல் வியாபாரி வந்தப்ப என்ன சொன்னேன் தெரியுமா? நீ என்ன வேணா குடு, குடுக்காமலும் போ, ஆனா இதை முழுசா யாருக்கும் விக்கக் கூடாது, துண்டு துண்டா வெட்டி உலையில போட்டு உருக்கணும்னேன். தலையில கை வெச்சுச் சத்தியம் பண்ணினான். பல்லு அத்தனையும் தெரியச் சிரிச்சான்.

— இப்ப எதுக்கு அதெல்லாம்? இதுல நான் மேல்வாய்க்குக் கம்பி வலை போட்டிருக்கேன். வலையைத் தூக்கினாலே மோட்டார் நின்னுடும். ஒருத்தரும் கையை விட முடியாது.

— தெரியும். அதுக்காகத்தான் இதைக் கும்பிடாத குறையா வெச்சிருக்கேன். இது வர்ற வரைக்கும் அவர் இருந்த இருப்பு உனக்குத் தெரியாதுடா. சுவத்தைப் பாத்துப் படுத்திருப்பார். சாப்பாடு வெச்சா சாப்பாடு, வெக்கலைன்னா இல்லை. திரும்பிப் படுங்கன்னு சொன்னா, அந்தக் கை பக்கம் வலிக்குதும்பார். கை இல்லாத பக்கம். இது வந்து மொத தடவை ஓட்டினோமே, ஞாபகம் இருக்கா? திரும்பிப் பாத்தா வாசல்ல நிக்கறார். சட்டையைத் தோள்ல போட்டுக்கிட்டு, செருப்புகூட இல்லாம.

— ஞாபகம் இருக்கு.

— நான் ஏதாவது வேலை குடுக்கணுமேன்னு, சாக்கு நனைக்கற வேலையை நீங்க பாத்துக்கறீங்களாங்கன்னு கேட்டேன். தலையாட்டினார். அன்னைக்கு ராத்திரி ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நான் சமையக்கட்டுல போய் முந்தானையை வாயில அடைச்சுக்கிட்டு அழுதேன். இந்தத் தொழிலை நான் எனக்காக நடத்தறேன்னு நினைக்கிறியா? இதை மூடினா நான் எங்கேயாவது போய்க் கூலி வேலை பாத்துப் பொழைச்சுக்குவேன். அவர் திரும்பச் சுவத்தைப் பாத்துப் படுத்துப்பார். அவ்வளவுதான். அப்புறம் எழுந்திருக்க மாட்டார்.

— மூட வேண்டாம் அக்கா. இதோ பாரு, திருகு தெரியுது. உடையலை. வளையக்கூட இல்லை.

— நிஜமாவா?

— கையை வெச்சுப் பாரு. அது இரும்பு இல்லை, எமன். நான் என்ன சொல்றேன்னா, மேல்வாய்ப் பக்கம் இருக்கிற கட்டியை மட்டும் பேத்துட்டா, நாளைக்குச் சாயங்காலம் ஓட்டிடலாம்.

— குடு அந்த உளியை. மேல்வாயை நான் பாக்கறேன்.

— வேண்டாம் அக்கா. அது என் வேலை.

— ஏன்? எனக்கு உளி பிடிக்கத் தெரியாதா?

— அதில்லை. அந்தப் பக்கம் இடம் குறுகல். கை கிழிச்சுக்குவே. நீ முன்வாயைப் பாரு.

— தள்ளுடா. நீ ஒருத்தன் ரெண்டு பக்கமும் அடிச்சா என்னைக்கு முடியறது. பாரு, ஒரே அடியில பொக்குன்னு பேந்து வந்துடுச்சு. பெயிண்ட்டோட சேந்து உரியுது. என்ன இது, பெயிண்ட்டுக்கு அடியில பட்டி மாவு பூசியிருக்கான்?

— அக்கா, போதும். வா இந்தப் பக்கம்.

— மாவுக்கு அடியில ஒட்டுத் தகடு. வெல்டிங் பாரு, புழு நெளிஞ்ச மாதிரி. எந்தப் புண்ணியவான் பண்ணினான்? டார்ச்சைக் குடு.

— டார்ச்சுல பேட்டரிக் கட்டை தீந்து போச்சு.

— உன் சட்டைப் பையிலயே இருக்கு. குடுன்னா.

— இந்தா.

— இது மண்வெட்டிடா.

— என்னது?

— இந்தத் தகடு. மண்வெட்டியை வெட்டி ஒட்டியிருக்கு. இதோ, ஓரத்துல பிடி மாட்டற வளையத்தோட பாதி இருக்கு. நான்தான்டா இதைக் குறட்டால பிடிச்சுட்டு நின்னேன். அந்த ராட்சசனோட மேல்வாயில விரிசல் விட்டுச்சு, வெல்டிங்காரன் வரலை, நானே பண்றேன்னு இவர் உக்காந்தார். அதுதான் அவர் மொத மொதல்ல பண்ணின வெல்டிங். பொறி பறந்து என் மணிக்கட்டுல விழுந்துச்சு. இந்தத் தழும்பு என்னன்னு நீயே எத்தனை தடவை கேட்டிருக்கே.

— அக்கா...

— உருக்கலை. அந்தத் தங்கப்பல் இதை உருக்கவே இல்லை. மோட்டாரை மாத்தி, பேர்த்தகட்டைப் பிச்சு, பெயிண்ட் அடிச்சு... தேடிப் போய் வாங்கிட்டு வந்திருக்கோம். என் வீட்டுக்காரர் கையைத் தின்னதைத் தேடிப் போய் வாங்கிட்டு வந்து, கொட்டகையைப் பெருக்கி, நடுவுல உக்கார வெச்சிருக்கோம்.

— உளியைக் கீழே வை அக்கா.

— உனக்குத் தூக்கி வாரிப் போட வேண்டாமா? டேய். நிமிந்து என்னைப் பாரு.

— பாக்கறேன்.

— உனக்குத் தெரியும். எப்பத் தெரியும்?

— அங்கேயே. நம்ம மண்ணை அது தள்ளினப்பவே சந்தேகம். அப்புறம் நம்ம அச்சு ஒண்ணு கொண்டு போயிருந்தேன்ல, அதை மாட்டினேன். முறுக்காமலே போல்ட்டு தானா உள்ளே போகுது. வேற மெஷின்ல அப்படிப் போகாது அக்கா.

— தெரிஞ்சும் லாரியில ஏத்தினே.

— நான் என்ன பண்ணட்டும்? நல்ல மெஷினு வாங்க நம்மால ஆகாது. மத்த ரெண்டையும் சொன்னேனே. இது ஒண்ணுதான் நம்ம மண்ணுக்குப் பழகினது. வெறுங்கையோட திரும்பி வந்து, எதுவும் கிடைக்கலை அக்கான்னு உன் முன்னாடி நின்னிருந்தா, நீ அன்னைக்கே இடிஞ்சு உக்காந்திருப்பே. நாலு நாள் அங்கேயே சுத்தினேன். சாப்பிடலை. அப்புறம் பெயிண்ட் அடிச்சவன்கிட்டே நானே சொல்லி, உனக்கு அடையாளம் தெரிஞ்சுடுமேன்னு இந்த ஒட்டு மேல மாவு பூச வெச்சேன்.

— நீயே சொல்லி.

— ஆமா.

— நல்லா இருக்கு. என் கூடப் பொறந்தவன். நல்லா இருக்குடா.

— அடிக்கணும்னா அடி.

— அடிச்சு என்ன ஆகப் போகுது? என் கையே தூக்க மாட்டேங்குது. வெளியே தூக்கிப் போடணும்னு நெஞ்சு பதறுது. போட்டா தொழில் போச்சு. வெச்சிருந்தா... இதை எப்படிடா நான் இனிமே கையால தொடுவேன்? எண்ணெய் போட்டேனே. துணியால துடைச்சேனே. ராத்திரி குளிருமேன்னு தார்ப்பாய் போட்டு மூடினேனே.

— மாமாவுக்குத் தெரியாது அக்கா. அதுதான் முக்கியம்.

— தெரியாது. தெரியவும் கூடாது. தெரிஞ்சா செத்தே போவார். தினமும் ரெண்டு வேளை இதுக்குத் தண்ணி தெளிச்சுட்டு வர்றாரே, பாவி மனுஷன், எதுக்குத் தண்ணி தெளிக்கறோம்னே தெரியாம. கிரைண்டரை எடு. அந்த வளையத்தை முதல்ல தேய்ச்சு எடு. அப்புறம் பெயிண்ட் அடி.

— ஓட்டிடலாம்ங்கறியா?

— வேற என்ன வழி வெச்சிருக்கே எனக்கு? ஓட்டுவோம். அவர் எழுந்து நடமாடணும், அவ்வளவுதான் எனக்கு. அதுக்கு இந்தச் சனியன்தான் வேணும்னா இதையே கட்டிக்கிட்டு அழறேன். இரு, செருப்புச் சத்தம். அவர்தான். அந்தச் சாக்கைத் தூக்கி ஒட்டு மேல போடு. சீக்கிரம். மூஞ்சியைத் துடை.

— நீயும் துடை.

— என்ன மாப்ளே, ரொம்பக் கல்லாயிடுச்சா?

— வாங்க மாமா. கொஞ்சம்தான். பேத்தாச்சு.

— எவ்வளவு தூரம் போயிருக்கு?

— முன்வாயில ஒரு மொழம். மேல்வாயில கொஞ்சம். நடுவுல ஈரம் அப்படியே இருக்கு.

— ஈரம் இருக்கா இன்னும். அதுவும் சரிதான். திருகு உடைஞ்சுதா?

— இல்லை மாமா. மயிரிழையில தப்பிச்சுது.

— ம்.

— என்னங்க, நீங்க எதுக்கு இந்தத் தூசியில வந்து நிக்கறீங்க? பூவாளியை வேற தூக்கிட்டு. சாயங்காலம்தான் வேலை. போய்ப் படுங்க, நான் வந்து டீ போடறேன்.

— சத்தம் கேட்டுச்சு. மெஷினைத் திறக்கற சத்தம். பாக்கலாம்னு வந்தேன். ஏம்மா, உன் கண்ணெல்லாம் ஏன் சிவந்திருக்கு?

— தூசிங்க.

— அதுவும் சரிதான். மாப்ளே, அந்தச் சாக்கை எடு.

— எதுக்கு மாமா? ஈரம் காயாம இருக்கட்டும்னு...

— வெறும் சாக்கு அது. காஞ்சு கிடக்கு. எடு. என் ஒட்டு எப்படி இருக்குன்னு பாக்கணும்.

— என்ன ஒட்டுங்க? என்ன பேசறீங்க?

— நீ குறட்டால பிடிச்சுட்டு நின்னியேம்மா. அந்த ஒட்டு. மாப்ளே, நீ ஏன் எந்திரிச்சு நிக்கறே? உக்காரு. உன் மேல எனக்கு ஒண்ணும் இல்லை. நான் போயிருந்தாலும் இதைத்தான் வாங்கியிருப்பேனோ என்னவோ.

— மாமா, உங்களுக்கு எப்படி...

— மொத தடவை ஓட்டினீங்களே, அப்ப. அந்த ஒட்டோட ஓரம் கொஞ்சம் தூக்கலா இருக்கும். மண்ணு கீழே இறங்கறப்ப ஒவ்வொரு சுத்துக்கும் அதுல இடிச்சு டொக்குன்னு ஒரு சத்தம் வரும். வருஷக்கணக்கா கேட்ட சத்தம். சுவத்தைப் பாத்துப் படுத்திருந்தேன். டொக். டொக். கனவுன்னு நினைச்சேன். எந்திரிச்சு உக்காந்தும் கேட்டுச்சு.

— அய்யோ. அன்னைக்கேவா? அப்போ அன்னைக்கு வாசல்ல வந்து நின்னது...

— பாக்கத்தான் வந்தேன்.

— தெரிஞ்சும் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேங்க. இத்தனை நாளா தெரிஞ்சு, தெரிஞ்சேவா இதுக்குத் தண்ணி தெளிச்சுட்டு வந்தீங்க? அந்தக் கையைத் தின்னதுக்கு மிச்சக் கையால? நானா இருந்தா சம்மட்டியால அடிச்சு நொறுக்கியிருப்பேன். நீங்க எனக்காகத்தானே பல்லைக் கடிச்சுக்கிட்டு... தொழில் நிக்கணும்னுதானே. உங்களை நான் என்னன்னு சொல்றது. டேய், கேட்டியா? நாம இவர்கிட்டே மறைக்கணும்னு பாத்தோம். இவர் நம்மளைக் காப்பாத்திட்டு இருந்திருக்கார்.

— மாமா, நான் உங்க கால்ல விழணும்.

— வேண்டாம்.

— நாளைக்குச் சாயங்காலம் ஓட்டிடலாம் மாமா. உலைக்காரங்களுக்கு மொத நடை போயிடும். இந்த மேல்வாய்க் கட்டி மட்டும் ஊறணும். அந்தப் பூவாளியைக் குடுங்க, இப்பவே தெளிச்சுடறேன்.

— இருக்கட்டும் மாப்ளே. நான் வெச்சுக்கறேன்.

— குடுங்க, உங்களுக்கு எதுக்குச் சுமை... என்ன மாமா, பஞ்சு மாதிரி இருக்கு? தண்ணியே இல்லையே.

— தொட்டியில மொண்டுக்கோடா. அவர் இப்பத்தானே வந்தார்.

— அக்கா.

— என்ன?

— இதுக்குள்ள பாரு.

— என்னடா பாக்க இருக்கு பூவாளிக்குள்ள?

— சிலந்தி வலை. வாயிலேருந்து அடி வரைக்கும். குட்டியெல்லாம் பொரிச்சு வெச்சிருக்கு. இதுல தண்ணி பட்டே மாசக் கணக்காகுது.

— வேற பூவாளியா இருக்கும்.

— நம்மகிட்ட இருக்கிறதே இது ஒண்ணுதான்.

— என்னங்க.

— சொல்லும்மா.

— ஒரு நாள் விடாம சாயங்காலம் இதைத் தூக்கிட்டுத்தானே வந்தீங்க. நான் பாத்தேனே.

— நீ பாக்கறேன்னுதான் தூக்கிட்டு வந்தேன்.

— அப்போ உள்ளே வந்து என்னதான் பண்ணுவீங்க?

— வாயில இருக்கிற சாக்கை விலக்கி ஓரமா வெப்பேன். மேல் மூடியையும் திறந்து விடுவேன். அந்த ஸ்டூல்ல கொஞ்ச நேரம் உக்காந்திருப்பேன். விடியறதுக்கு முன்னாடி வந்து எல்லாத்தையும் பழையபடி மூடி வெச்சுடுவேன்.

— நீங்க எழுந்து நடமாடறீங்கன்னுதானேங்க நான் இந்த உசுரைக் கையில பிடிச்சுட்டு இருக்கேன். இது வந்ததாலதான் எழுந்தீங்கன்னு நான் இந்த இரும்பைக் கும்பிட்டேனே.

— இது வந்ததாலதாம்மா. இது காய்ஞ்சு சாகறதைப் பாக்கத்தான் நான் எழுந்தே வந்தேன்.